பொழிச்சலூர் மூன்று சக்கரக் கார்

சாலமோனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் பதினோரு வருடமாக, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் போனுமாக, பழைய கார் விளம்பரங்களை விடாமல் பார்த்து வந்தார். சாதாரணக் கார் அவருக்கு ஆகாது. ஊரில் இரண்டாவது ஒன்று இல்லாத வண்டி என்றால்தான் விரல் நிற்கும். விற்பவரிடம் பத்துக் கேள்வி கேட்பார். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்பார். யோசித்துச் சொன்னதே கிடையாது.

போன வாரம் விரல் நின்றது மட்டுமில்லை, நகரவே மறுத்துவிட்டது. 'பாதல்' என்று பெயர். எழுபதுகளில் பெங்களூர்ப் பக்கம் கொஞ்ச காலம் தயாரித்து நிறுத்திவிட்ட கார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. விற்பவர் பொழிச்சலூர் முனிரத்தினம். இதுவரை சாலமோன் ஆசைப்பட்டதெல்லாம் கோயமுத்தூரிலும் கொச்சியிலும் இருந்ததால் ஆசைப்படுவது சுலபமாக இருந்தது. இது தாம்பரத்தில் அவர் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் அரை மணி.

மனைவி ஹில்டா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஆட்டோவுக்குக் கதவு வெச்சிருக்காங்க."

"இந்த மாதிரி இப்ப கிடைக்கவே கிடைக்காது ஹில்டா."

"யாரு ஓட்டுறது?"

"கத்துக்குவேன்."

"அம்பத்து மூணு வயசுலயா? மூணு சக்கரத்துலயா?"

அதோடு பேச்சு முடிந்தது. வீட்டில் நடக்காததைக் கர்த்தரிடம்தான் கொண்டுபோக வேண்டும். அவர்கள் போகும் சபையில் வாசலோரம் ஜெப விண்ணப்பப் பெட்டி உண்டு. சீட்டு எழுதிப் போட்டால் ஆராதனையில் பாஸ்டர் வாசித்து ஜெபிப்பார். பெயர் போட வேண்டியதில்லை. மற்றவர்கள் 'சுகத்துக்காக', 'வேலைக்காக' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சாலமோன் ரயில்வேயில் முப்பது வருட கிளார்க். எந்தக் கட்டத்தையும் காலியாக விட அவருக்கு வராது. விவரம் குறைந்து வேறு வண்டி வந்துவிட்டால் யார் பொறுப்பு?

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் சீட்டைப் பிரித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"சபையில் ஒரு சகோதரர். பொழிச்சலூரில், பாலாஜி ஸ்டோர்ஸ் எதிரே, முனிரத்தினம் என்பவரிடம் உள்ள மூன்று சக்கரக் காரை வாங்க விரும்புகிறார். வண்டி நல்ல நிலையில் உள்ளது, விலை நியாயமானது. வீட்டில் இருக்கும் தடை நீங்க ஜெபிப்போம்."

சபையே ஆமென் சொன்னது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு தலை மெதுவாகத் திரும்பியது.

ஆராதனை முடிந்து செருப்பு தேடும்போது ஹில்டா பக்கத்தில் வந்து நின்றாள்.

"தடை வந்துட்டேன். போலாமா?"

சாப்பிட்டதும் சாலமோன் மொட்டைமாடிக்குப் போய் முனிரத்தினத்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். துணி எடுக்க வந்த ஹில்டா கொடியோரம் நின்றாள்.

"நீங்களுமா சார்?" என்றார் முனிரத்தினம். "ரெண்டு மாசமா ஒருத்தரும் கேக்கல. இன்னிக்கு இன்னாடான்னா காலைலேர்ந்து போன் அட்ச்சிகினே கீறாங்க. அல்லாரும் ஸ்தோத்திரம்னுதான் ஆரம்பிக்கிறாங்க. ஏசுதாசன்னு ஒருத்தர் அட்வான்ஸோட வந்துகினு கீறார்."

ஏசுதாசன் அதே சபைதான். சேலையூரில் பந்தல், மைக்செட் கடை. வாசலில் அந்தக் காரை நிறுத்தினால் விளம்பரப் பலகையே வேண்டாம்.

"போகட்டும்" என்றார் சாலமோன். போனைச் சட்டைப்பையில் போட்டார். ஞாயிறு மத்தியானம் அவர் போன் பார்க்காமல் உட்கார்ந்திருந்து ஹில்டா கண்டதில்லை. காய்ந்த துணியை ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தார். மடிக்கச் சொல்லி அவள் கேட்கவேயில்லை.

"ஸ்கூட்டரை எடுங்க" என்றாள்.

"எங்க?"

"சீட்டு எழுதினது நீங்க. வண்டி அவருக்கா?"

பொழிச்சலூரில் ஏசுதாசன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். கார் போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னது. சாலமோன் கிட்டே போகாமல் வாசல் கேட் ஓரமே நின்றுவிட்டார்.

"அண்ணா, அந்தச் சகோதரர் இவர்தான்" என்றாள் ஹில்டா.

"பேர் போடலையே சிஸ்டர்? நானும் ஒரு சகோதரர்தானே. அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

"காலைல ஆமென் சொன்னீங்களா இல்லையா?"

"எல்லாரும்தான் சொன்னாங்க."

"உங்களுதுதான் எங்க வரிசை வரைக்கும் கேட்டுது."

ஏசுதாசன் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார். முனிரத்தினம் நடுவில் புகுந்தார்.

"ஆமென்னா இன்னாம்மா?"

"அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். இந்த வண்டி இவருக்குக் கிடைக்கணும்னுதான் காலைல சபையில ஜெபம்."

"அப்போ சார், நீங்களே அவருக்கு விட்டுக் குடுத்துட்டு வந்து, நீங்களே அட்வான்ஸும் குடுக்கிறீங்களா? பேஜாரா கீதே."

ஏசுதாசன் வானத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு சாவியைச் சாலமோன் கையில் வைத்தார். "என் அட்வான்ஸை நீங்க குடுத்துடுங்க. நம்ம சபை அறுப்பின் பண்டிகைக்கு ஒரு நாள் நம்ம மைக்செட்டை இதுல ஏத்துறீங்க. சரியா பிரதர்?"

சாலமோன் தலையாட்டினார்.

"இவருக்கு ஓட்டத் தெரியாதுண்ணா" என்றாள் ஹில்டா. "வீடு வரைக்கும் நீங்கதான் கொண்டாந்து விடணும்."

பம்மல் வழியாக ஏசுதாசன்தான் ஓட்டினார். வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டேதான் ஓட்டினார். பக்கத்தில் முழங்கால் இடிக்கச் சாலமோன் உட்கார்ந்திருந்தார். சிக்னலில் யாரோ போட்டோ எடுத்தார்கள். அவர் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார். பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஹில்டா, யாராவது காரை ரொம்ப உரசிக்கொண்டு வந்தால் மட்டும் ஹாரன் அடித்தாள்.