வயலின் வரும் இடம்

லிஃப்ட் மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி அலமாரிக்குள் தலையை விட்டான் என்றால் பாடப்போகிறான் என்று அர்த்தம். மனைவியின் புடவைகளுக்கும் தன் சட்டைகளுக்கும் நடுவில் போனைச் சொருகிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பான். துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்று குழுவில் யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டிலேயே பழைய பாட்டுகளைப் பாடி அனுப்பிக்கொள்ளும் அந்த வாட்ஸப் குழுவில் ஒரே ஒரு சட்டம்தான்: பின்னணி இசை கூடாது, வெறும் குரல். அதனால் பல்லவி முடிந்து வயலின் வரவேண்டிய இடத்தில் எல்லாரும் வெறுமனே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டு வருஷமாகப் பாடுகிறான். குழுவை நடத்தும் நர்ஸம்மா பெரிய மனசு பண்ணி ஒரு கட்டைவிரல் போடுவார், அவ்வளவுதான். அன்றைக்குப் பாட்டை அனுப்பிவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் போன் துள்ளிக்கொண்டிருந்தது.

"அண்ணே, சூப்பர்!" என்று ஆரம்பித்திருந்தார் குழுவில் இருக்கும் ஒரு லாரி டிரைவர். "நடுவுல அந்த வயலினை யாரோ ஹம் பண்றாங்களே, யாருண்ணே அது? உடம்பே சிலிர்த்துப் போச்சு."

கீழே எல்லாரும் அதையேதான் கேட்டிருந்தார்கள். அவன் பாட்டைப் பற்றி மருந்துக்குக்கூட ஒரு வார்த்தை இல்லை. இயர்போனை மாட்டிக் கேட்டான். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம், அதற்கு மேலே மனைவியின் குரல். வயலின் போகிற வளைவெல்லாம் போய்விட்டு, அவன் சரணம் எடுக்கும் இடத்தில் சரியாக ஒதுங்கிக்கொண்டது. முதலில் வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது. மறுபடி கேட்டபோது எரிச்சல் போன இடம் தெரியாமல் பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பெருமையில்தான் காரியத்தைக் கெடுத்தான். ஓடிப்போய் அவளுக்குப் போட்டுக் காட்டினான்.

"ஐயய்யோ! ஊரே கேட்டுடுச்சா?" ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "முதல்ல அதை அழிங்க. மானம் போகுது."

"எல்லாரும் உன்னைத்தான்டி கேக்குறாங்க. அடுத்த வாரம் சேர்ந்து பாடலாமா?"

"நான் என்ன பாடகியா? யாராவது கேக்குறாங்கன்னு தெரிஞ்சாலே எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்."

அதோடு அவள் வாயை மூடியவள்தான். பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள், தலை வாரினாள். ஒன்றுக்கும் பாட்டு இல்லை. இத்தனை வருஷமாக வீட்டில் ஒரு சங்கீதம் ஓடிக்கொண்டிருந்தது, அது நின்ற பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கும்போதுகூட அதே யோசனை. தன் வாயால்தானே கெடுத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். குழுவில் நர்ஸம்மா வேறு, "எங்கே நம்ம வயலின்?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு போனை அவள் கண்ணெதிரிலேயே அணைத்தான். புடவைகளுக்குள் தள்ளி, அலமாரியைப் பூட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தான்.

"என்ன, இன்னைக்குக் கச்சேரி இல்லையா?"

"உண்டு. யாருக்கும் இல்ல, சும்மா."

சமையலறை வாசலில் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பல்லவியை எடுத்தான். வயலின் வரும் இடம் வந்தது. பின்னால் குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடியது. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று அவனே வாயால் வயலினை இழுத்தான். அது எங்கெங்கோ சுற்றிவிட்டு வழி தெரியாமல் நின்றது. திரும்ப இழுத்தான். இன்னும் மோசம். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஐயோ, கொலை பண்ணாதீங்க!"

குழாய் நின்றது. மெல்ல, தொண்டைக்குள்ளிருந்தே அந்த வயலின் கிளம்பி, ஏறி, வளைந்து, இறங்கியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டுக்கொண்டே நின்றதில் சரணத்தைக் கோட்டைவிட்டான்.

"உங்க இடம் போயிடுச்சே," என்றாள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். "இன்னொரு தடவை பாடு."

அவள் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து தொடங்கினாள். அவன் நுழையவேண்டிய இடம் நெருங்கியதும், சோப்பு நுரை சொட்டும் விரலை உயர்த்திக் காட்டினாள்.