கட்டியாச்சா?

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதை எனக்கு ஓர் அறிவிப்புப் பலகையிலிருந்து கிடைத்தது. வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் கப்பலுக்காகக் காத்திருந்தேன். படிக்க வேறொன்றும் இல்லை. "பைக்கை கியரில் விட்டு, பக்க ஸ்டாண்டில் நிறுத்தவும். பட்டையால் இறுக்கிக் கட்டவும். கப்பல் கிளம்பியபின் வண்டியருகே இருக்கக் கூடாது, மேல்தளத்துக்குச் செல்லவும்."

கடைசி வரியை யார் மீறுவார்? படியேற முடியாதவர். இதை என் முழங்கால்தான் சொன்னது.

2
"அன்று கடல் கோபமாக..." வேண்டாம். கடலுக்கு ஏது கோபம்? காற்றடித்தால் அலை வரும், அவ்வளவுதான்.

மறுபடி: மாமியாரும் மருமகளும் பைக்கில் கப்பலுக்குள் ஏறினார்கள். புது வண்டி. மருமகள் தையல் ஆசிரியை. தன் பெயரில் அவள் வாங்கிய முதல் பொருள் அது.

(மாமியாரைப் பொல்லாதவளாகத்தான் முதலில் எழுதினேன். பின்சீட்டில் உட்கார்ந்து மருமகளின் இடுப்பைப் பிடித்தாள் பாருங்கள், அதற்குமேல் பொல்லாப்பு அவளிடம் ஒட்டவில்லை. அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

3
கீழ்த்தளத்தில் லாரிகளின் உறுமல். அவரவர் வண்டியை அவரவரே கட்ட வேண்டும். கப்பல் ஊழியர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார்.

"கட்டியாச்சா?"

"கட்டியாச்சுண்ணே," என்று மருமகள் கட்டணச் சீட்டைத் தேடிப் பையைத் துழாவினாள்.

"அவளுக்கு என் பையனைக் கட்டிவச்சே ஆறு வருஷமாச்சு, தம்பி!" என்றாள் மாமியார்.

"பாவம்மா உங்க பையன்!"

சிரித்தபடியே ஊழியர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். பட்டை சுவர்க் கொக்கியிலேயே தொங்கியது.

(பணத்தையும் கட்டுகிறோம், வண்டியையும் கட்டுகிறோம், ஆளையும் கட்டுகிறோம். நம் பாஷையில் இதெல்லாம் சகஜம்.)

4
"அத்தை, மேல வாங்க."

"அந்தப் படியிலயா? நான் வந்தாலும் என் காலு வராதுடி. நீ போய்க் காத்து வாங்கு."

மாமியார் வண்டிக்கு வலப்பக்கம் கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். ஸ்டாண்டு இருப்பதோ இடப்பக்கம். கப்பல் வலப்பக்கமாகச் சாய்ந்தால்...

மேல்தளத்தில், பைக்கில் வந்த இன்னொருவர் கையை உதறினார். "அந்தப் பட்டையை இறுக்கிக் கட்டுறதுக்குள்ள கையே செவந்துபோச்சு!"

மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடினாள்.

5
அவள் படிக்கட்டில் பாதி இறங்கியபோது கப்பல் சாய்ந்தது. பைக் நிமிர்ந்தது, பிறகு மெல்ல மாமியார் பக்கம் வந்தது. மாமியார் ஒதுங்கவில்லை. எழுந்து இரண்டு கையாலும் தாங்கினாள்.

"விட்டுடுங்க அத்தை! தள்ளிப் போங்க!"

"புது வண்டிடி! கீறல் விழுந்துடும்!"

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் ஊழியர் பாய்ந்து வந்து பிடித்தார். ஆனால் அவர் தளத்தின் மறுகோடியில் இருந்தார். நானே அங்கே அனுப்பியிருந்தேன். கிழித்துவிட்டேன். இன்னொரு முடிவில் வண்டி அவள் காலின்மேல்... அதை நான் எழுதமாட்டேன்.

இன்னும் எட்டுப் படி. ஓடினால் எட்டாது, சொல்தான் எட்டும். "வண்டி போனாப் போகுது!" என்று மருமகளைக் கத்தவைத்தேன். மாமியார் விடவில்லை. "உங்க காலு அத்தை!" என்று கத்தவைத்தேன். "கெடக்குது காலு" என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

என்னிடம் வேறு சொல் இல்லை, கண்ணுகளா. தன் உடம்பைவிட உங்கள் பொருளைப் பெரிதாக நினைக்கிறவர் உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். எந்தச் சொல்லுக்கு அவர் கையை விடுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள், கீழே இரைச்சல் அதிகம்.