ஏறுவரிசை

என் தங்கை புருஷனை எனக்குப் பிடிக்காது. அதை நான் என்றைக்கும் மறைத்ததில்லை. நான் பேசி முடித்த சம்பந்தத்தைத் தட்டிவிட்டு அவள் இவனைக் கட்டிக்கொண்டாள் என்பது ஒரு காரணம். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளாமல் ஒரு பெட்டி செய்யப் போனான் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம், நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம்.

நான் ரசாயன ஆள். ரத்தம், சிறுநீர், டயாலிசிஸ் கழிவு நீர் எது வந்தாலும் பிப்பெட்டில் சொட்டுச் சொட்டாக எடுத்து, மருந்து கலந்து, நிறம் பார்த்து, யூரியா இவ்வளவு என்று எழுதுவேன். எனக்கு அங்கே ‘சொட்டு’ என்று பெயர். அவனுக்கு நான் வைத்த பெயர் ‘வெளிச்சம்’. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் உண்டாம், சிவப்புக்கு அந்தப் பக்கம். அகச்சிவப்பு. அதைக் கழிவு நீரில் பாய்ச்சினால் எந்த இடத்தில் எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பார்த்து, மருந்தும் இல்லாமல் நிறமும் இல்லாமல் அரை நிமிடத்தில் யூரியாவைச் சொல்லிவிடலாமாம். முப்பது வருஷமாக நான் செய்துவந்த வேலையை அரை நிமிடத்தில் செய்யப் போகிறேன் என்று என் முகத்துக்கு நேரே ஒருவன் சொன்னால், அவனுக்கு ஆரத்தியா எடுப்பார்கள்?

ஆனால் பெட்டிக்குப் பாடம் சொல்லித்தர என் தயவு வேண்டியிருந்தது. நூற்றிருபது புட்டிக் கழிவு நீர். ஒவ்வொன்றிலும் யூரியா எவ்வளவு என்று என் முறையில் நான் அளக்க வேண்டும். மறுநாள் அதே புட்டியைப் பெட்டியிலும் வைத்துக் காட்ட வேண்டும். இந்த வெளிச்சத்துக்கு இந்த அளவு, அந்த வெளிச்சத்துக்கு அந்த அளவு என்று அது தானாகக் கற்றுக்கொள்ளும். நாளைக்குப் பதினைந்து புட்டி, எட்டு நாள். தினமும் காலையில் ஒரு தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவான். எந்தப் புட்டியை எந்த வரிசையில் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று அதில் எண்களைத் தாறுமாறாகக் கலைத்து எழுதியிருப்பான். எதற்கு என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சீட்டுக்கட்டு கலைப்பதுபோல என்ன விளையாட்டு இது என்று நினைத்து, அந்தத் தாளை டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

பெட்டி ஜோராக வந்தது. என் அளவை ஒரு பக்கமும் பெட்டியின் அளவை மறுபக்கமும் வைத்து அவன் போட்ட படத்தில் புள்ளிகள் எல்லாம் கோடு கிழித்தாற்போல நின்றன. ஆய்வுக்கூடத் தலைவி அதைச் சட்டம் போட்டு மாட்டாததுதான் குறை. இரண்டே மாதத்தில் பெட்டி டயாலிசிஸ் வார்டுக்குப் போனது. சோதனையில் சேர ஒப்புக்கொண்ட ஆறு நோயாளிகளில் முதல் கையெழுத்து என் தங்கையுடையது. புருஷன் செய்த பெட்டியாயிற்றே.

முறை எளிமையானது. நர்ஸ் அரைமணிக்கு ஒருதரம் கழிவு நீரைப் புட்டியில் பிடித்து, வார்டின் மூலையில் ஏசிக்குக் கீழே இருக்கும் பெட்டியில் வைப்பார். அளவு பத்துக்குக் கீழே வந்துவிட்டால் ரத்தம் சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் ஊசியைக் கழற்றச் சொல்வார். நாலு மணி நேரம் படுத்துக் கிடந்தவள் மூன்று மணி நேரத்துக்குள் எழுந்து வந்தாள். முதல் வாரம் அவள் முகத்தில் சிரிப்பு. இரண்டாவது வாரம் கை காலெல்லாம் அரிப்பு என்றாள். மூன்றாவது வாரம் தட்டைக் கண்டாலே குமட்டியது. முகம் ஊதிப்போய், பேச்சுக்கு நடுவே விக்கல் வந்தது. மாசக் கடைசியில் எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். நான் நர்ஸிடம் கெஞ்சி, பெட்டி ‘எட்டு’ என்று சொன்ன அதே புட்டியை வாங்கி வந்து என் முறையில் அளந்தேன். பத்தொன்பது. மறுபடி அளந்தேன். பத்தொன்பதுதான். என் தங்கை உடம்பில் விஷத்தை மிச்சம் வைத்து மூன்று வாரமாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பயந்துபோனேன். அந்தப் பயத்துக்கு உள்ளே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பொய் சொல்வானேன்.

அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிச் சோதனையை நிறுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அவன் மூக்கு உடைய வேண்டும். பெட்டி ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வந்த மறுநாள், தலைவியையும் எல்லோரையும் வைத்துக்கொண்டு, வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரை அதில் வைத்தேன். யூரியா ஒரு துளியும் இல்லாத தண்ணீர். காலை ஒன்பது மணிக்குப் பெட்டி ஆறு என்றது. மத்தியானம் பதினைந்து. எங்கள் அறையில் ஏசி பேருக்குத்தான். வெயில் ஏற ஏற அறையும் ஏறும், பெட்டிக்குள் இருக்கும் விளக்கும் சுடும். நாலு மணிக்கு இருபத்துமூன்று.

“என்ன மாப்பிள, தண்ணிக்கே டயாலிசிஸ் பண்ணணும் போலிருக்கே,” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. தண்ணீர் லேசாகச் சூடானாலே அது விழுங்கும் வெளிச்சம் மாறிவிடும் என்றும், அந்த மாற்றத்துக்கு முன்னால் யூரியாவின் அடையாளம் மிகச் சின்னது என்றும், பெட்டி யூரியாவைக் கற்காமல் சூட்டைக் கற்றுக்கொண்டுவிட்டது என்றும் தலைவியிடம் மெதுவாகச் சொன்னான். எப்படி என்று அவர் கேட்டார். ‘என் தவறு’ என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல் என்று நான் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் நான்தான். தங்கை கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். பிறகு அவனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“என்னை வச்சுத்தான் சோதிச்சுப் பாத்தீங்களா?”

அவள் துணிகளை எடுத்து வைக்க நான் பை பிடித்தேன். பத்து வருஷம் கழித்து என் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளுடைய சீட்டைக் கேட்டு வாங்கி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் அவன் எண்ணை அடித்து என் எண்ணை எழுதினேன். பேனா புதுசு. அழுத்தமாகவே அடித்தேன்.

இரண்டு வாரம் எனக்குப் பொற்காலம். நாலு மணி நேர டயாலிசிஸில் அவள் முகம் வடிந்தது, குமட்டல் நின்றது. அவனை அவள் திட்டத் திட்ட எனக்குச் சாப்பாடு இறங்கியது. ‘நீ இல்லன்னா நான் போய்ச் சேந்திருப்பேண்ணா’ என்பாள்.

திட்டத்தை மூடுகிறோம், பதிவேடுகளைக் கட்டி வையுங்கள் என்று தலைவி சொன்னார். என் பதிவேட்டையும், பெட்டி அச்சடித்த நேரப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். முதல் நாள். ஒன்பதே கால் மணிக்கு யூரியா நாலு. பத்து மணிக்கு ஆறு. இப்படியே ஏறி, சாயங்காலம் நாலரைக்கு முப்பது. இரண்டாம் நாளும் அப்படி. எட்டு நாளும் அப்படி.

என் வேலைதான் அது. குறைந்த அளவுள்ள புட்டியிலிருந்து தொடங்கிக் கூடிய அளவுக்கு ஏறுவதுதான் என் முப்பது வருஷப் பழக்கம். கூடுதலான புட்டியை முன்னால் வைத்தால் அதன் மிச்சம் அளக்கும் கண்ணாடிக் குழாயில் ஒட்டிக்கொண்டு அடுத்ததைக் கெடுக்கும். ஏறுவரிசையில் போனால் சுத்தம். என் மேஜையில் அது சரி. ஆனால் எட்டு நாளும் யூரியா ஏற ஏற அறையின் சூடும் கூடவே ஏறியிருக்கிறது. காலை என்றால் குறைவு, சாயங்காலம் என்றால் அதிகம். குளிர்ந்தால் குறைவு, சுட்டால் அதிகம். பெட்டிக்கு நான் சொல்லித்தந்த பாடம் அதுதான். வார்டில் ஏசிக்குக் கீழே அது படித்ததை அப்படியே ஒப்பித்தது. இப்படி ஆகாமல் இருக்கத்தான் அவன் தினமும் எண்களைக் கலைத்துக் கொடுத்திருக்கிறான். அந்தத் தாளில்தான் என் டீ டம்ளரின் வட்டம்.

அவன் சாமான்களை எடுத்துப்போக வந்தபோது நான் அந்தப் பட்டியலின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஓரப்பார்வையில் பார்த்தான். பையிலிருந்து அதே பட்டியலின் நகல் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான். நேரங்களின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

“எப்பத் தெரியும்?” என்றேன்.

“நீங்க தண்ணி வச்சீங்களே, அன்னைக்கு மத்தியானமே.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“நேரத்தப் பாக்காம விட்டது என் தப்புதான். கோடு நேரா வந்துச்சு, மயங்கிட்டேன்.” சாமான் அட்டைப்பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். “அவளுக்கு என் மேல நம்பிக்க போயிடுச்சு. உங்க மேலயும் போச்சுன்னா, வாரத்துக்கு மூணு நாள் அவள யார் கூட்டிட்டுப் போவா? உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க மச்சான். உங்கள எனக்குச் சுத்தமாப் பிடிக்காது.”

அவன் போய்விட்டான். பத்து வருஷமாக அவனை வெறுத்ததற்கு ஆயிரம் காரணம் வைத்திருந்தேன். ஒன்றுகூட இதற்கு இணையாக இல்லை. என் மானத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக எதுவும் கேட்காமல் போகிறான்.

மறுநாள் டயாலிசிஸ். ஊசி ஏறிய கையை அவள் அசைக்கக் கூடாது. மறு கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனைப் பற்றித்தான் பேசினாள். வீட்டைக் காலி செய்துகொண்டு போகச் சொல்லணும், அந்த ஆள் முகத்திலேயே இனி முழிக்க மாட்டேன் என்றாள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் என் வீட்டிலேயே இருந்திருப்பாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

“அவன் மேல தப்பு இல்லம்மா. கலைச்சு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தான். நான்தான் திமிர்ல வைக்கல,” என்றேன். வரிசையையும் தாளையும் டம்ளரையும் சொன்னேன். அவனுக்குத் தெரிந்தும் அவன் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன்.

அவள் என் கைக்குள்ளிருந்த கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

“இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?”

“ரெண்டரை மணி நேரம்.”

“அவர வரச் சொல்லு. அவர் வர்ற வரைக்கும் நீ வெளிய இரு.”

வெளியே வந்தேன். அவன் எண்ணை நான் எந்த நாளும் சேமித்து வைத்ததில்லை. நர்ஸிடம் தங்கையின் சீட்டைக் கேட்டு வாங்கினேன். நான் அழுத்தி அடித்திருந்த கோட்டுக்கு அடியில், ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வோர் எண்ணாகக் கண்டுபிடித்து அவனைக் கூப்பிட்டேன்.