ஆற்றுமேட்டில் ஒரு கோட்டு

லிந்துலையிலிருந்து வேன் புறப்பட்டபோது குளிர் நடுக்கியது. அதனால் இராமையா கறுப்புக் கோட்டு போட்டிருந்ததை யாரும் விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. மலையெல்லாம் இறங்கி, தெற்குக் கரையோரத்துச் சதுப்புநிலப் பூங்காவின் வாசலில் வேன் நின்றபோது மணி பத்தரை. வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லோரும் ஸ்வெட்டரையும் குல்லாவையும் கழற்றி சீட்டுக்கடியில் திணித்தார்கள். இராமையா மட்டும் கோட்டின் மேல் பொத்தானையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

உள்ளே இருந்தது, மருமகள் பிரேமினி இந்தப் பயணத்துக்கென்றே நுவரெலியாவில் வாங்கிக் கொடுத்த புதுச் சட்டை. முந்தின நாள் மனைவியும் மருமகளும் கோயிலுக்குப் போயிருந்த நேரம், அதற்குத் தானே இஸ்திரி போட உட்கார்ந்தவர், டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே பெட்டியை முதுகுப் பக்கத்தில் வைத்து மறந்துவிட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் கொழுந்து காய்கிற சூட்டைப் பார்த்துக்கொண்டவர். ஒரு நாள்கூட ஒரு றாத்தல் தூளைக் கருக்கியதில்லை. இதை எந்த முகத்தோடு வீட்டில் சொல்வது? முன்பக்கம் பழுதில்லை. கோட்டைப் போட்டால் கொலர் மட்டும் தெரியும், மருமகளும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். வெயிலை நினைக்கவில்லை.

“மாமா, கோட்ட கழட்டுங்களேன். வேர்த்து ஊத்துது,” என்றாள் பிரேமினி.

“இருக்கட்டும்மா. லேசா குளிருது.”

மனைவி சண்முகவடிவு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “குளிருதா? அப்ப காச்சலாத்தான் இருக்கும்.” பையிலிருந்து தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். பிளாஸ்கிலிருந்து சுடச்சுடக் கொத்தமல்லித் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, அவர் முழுவதும் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

பூங்கா ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி ஆற்றுமேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மரப்படி ஏறினால் மேலே ஒரு மேடை. கீழே ஆறு அகலமாகப் படுத்துக் கிடந்தது. அக்கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் நாணலும் தண்ணீரும்தான். கால் மணி நேரத்தில் யானைக் கூட்டம் வரும், சத்தம் போடாதீர்கள் என்று வழிகாட்டி மெல்லச் சிங்களத்தில் சொன்னான்.

இராமையாவுக்கு வேர்வை கண்ணில் இறங்கி, ஆறு இரண்டாகத் தெரிந்தது. தள்ளாடிப்போய்ப் பலகையில் உட்கார்ந்தார்.

வேன் டிரைவர் தர்ஷன் பயந்துபோனான். “ஐயாவுக்கு முடியல போல. பேசாம திரும்பிப் போயி ஆஸ்பத்திரில காட்டிருவோம். யானைய இன்னொரு நாளைக்கு பாக்கலாம்.”

பிரேமினி மறுபேச்சுப் பேசாமல் கைப்பையை எடுத்துக்கொண்டாள். காட்டு யானையைப் பார்த்ததே இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த பெண். அதைப் பார்த்ததும் இராமையாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார்.

“யாரும் எங்கயும் போகவேணாம். எனக்குக் காச்சலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல.”

சால்வையை உருவினார். கோட்டைக் கழற்றினார். கூனிக் குறுகி முதுகைத் திருப்பிக் காட்டினார். சட்டையின் நடுவில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் கருகி, கூர்முனை கழுத்தைப் பார்த்தபடி இருந்தது.

பிரேமினி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து இராமையா பதறினார்.

“மன்னிச்சிக்கம்மா...”

“ஐயோ மாமா! இதுக்காகவா அந்தக் கொத்தமல்லிய குடிச்சீங்க?” அவளுக்குச் சிரிப்பில் மூச்சுத் திணறியது.

சண்முகவடிவு சிரிக்கவில்லை. சால்வையை நிதானமாக மடித்தாள். “நேத்து கோயில்லேருந்து வந்தப்பவே வீடெல்லாம் பொசுங்குன நாத்தம். அலுமாரியத் தொறந்து பாத்துட்டேன். ஒங்க வாயாலயே வரட்டும்னு இருந்தேன்.”

“தெரிஞ்சுமா சால்வைய சுத்துன?”

“பின்ன? நீங்க இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருந்தா ரெண்டாவது கப்பும் குடுத்திருப்பேன்.”

வழிகாட்டி உதட்டில் விரலை வைத்தான். அக்கரையில் நாணல் விலகியது. முதலில் ஒரு பெரிய யானை, பின்னால் நாலைந்து, அவற்றின் காலுக்கிடையில் ஒரு குட்டி. குட்டி சேற்றில் சறுக்கி, பின்பக்கம் தரையில் பட உட்கார்ந்தபடியே ஆற்றில் வந்து விழுந்தது. பிரேமினி இராமையாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆற்றிலிருந்து காற்று கிளம்பியது. இராமையா மெல்ல ஆற்றுக்கு முதுகைத் திருப்பி, தலையை மட்டும் வளைத்து யானைகளைப் பார்த்தார். சட்டை ஓட்டை வழியே காற்று குளுகுளுவென்று நுழைந்தது. அப்படியே, கூட்டம் கரையேறிப் போகும்வரை நின்றார்.