பன்னிரண்டேகால் மணிக் குழு

டெல்பர்ட்டுக்குத் தெரியாத சாலை நெவாடாவிலும் கிடையாது, யூட்டாவிலும் கிடையாது. இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவன். அதனால் காலை ஆறு மணிக்கு லாஸ் வேகஸில் பஸ் ஏறியதிலிருந்து டிரைவர் யோலாண்டாவுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தான். முன் சீட்டைப் பிடித்ததே அதற்குத்தான்.

"இந்த மேட்டுக்கு மூணாவது கியர் போதும்மா."

"இது ஆட்டோமேட்டிக் சார். கியர் போடுறதுக்கு நான் சம்பளம் வாங்கலை."

பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், அவன் மனைவியாக இல்லாமல் இருந்திருந்தால்.

நான் ஹோட்டலில் அறை சுத்தம் செய்தவள். இருபத்தேழு வருடம். நாங்கள் அன்று பார்க்கப் போன சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தவர்கள் குளித்த தொட்டியைப் பார்த்தாலே தெரியும், அடியில் சிவப்பு மணல் வண்டலாகப் படிந்திருக்கும். எத்தனை தொட்டி தேய்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சிலர் போனை நீட்டிப் படம் காட்டுவார்கள். இரண்டு பாறைச் சுவர், நடுவில் ஆள் நடக்கிற அகலம், மேலே ஒரு கீறல். அந்தக் கீறல் வழியாக உச்சி வெயில் ஒற்றைத் தூணாகத் தரையில் இறங்கி நிற்கும். "இங்கேயே இருந்துகிட்டு இன்னும் பார்க்கலையா?" என்று கேட்பார்கள். பார்க்கவில்லை. லீவு கிடைத்தால் காசு இருக்காது, காசு இருந்தால் டெல்பர்ட்டுக்கு மனசு இருக்காது. போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். முதல் வேலையாகப் போய் டிக்கெட் எடுத்தேன். ஒன்றுதான் எடுக்க நினைத்தேன்.

"தனியாப் போனா நீ தொலைஞ்சு போயிடுவே," என்றான் டெல்பர்ட். "ஒரு பள்ளத்தைப் பார்க்க பத்து மணி நேரம் பஸ்ல குந்தணும்னு தலையெழுத்து. சரி, எனக்கும் சேர்த்து எடு."

அந்த ஒளித்தூண் நினைத்த நேரத்துக்கெல்லாம் இறங்காது. கோடையில் நடுப்பகலை ஒட்டி ஒன்றிரண்டு மணி நேரம்தான், அப்புறம் வெறும் சுவர். இடம் நவஹோ பழங்குடி மக்களுடையது. அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது, டிக்கெட்டில் போட்ட நேரம் போட்டதுதான். எங்களுக்குப் பன்னிரண்டேகால் மணிக் குழு. அதற்காகவே கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருந்தேன்.

பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பேஜ் ஊரில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது யோலாண்டா மைக்கைப் பிடித்தாள். "பதினொன்னே முக்காலுக்கு வண்டி எடுத்துடுவேன். அஞ்சு நிமிஷம் நிப்பேன், அதுக்கு மேல நிக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க, நாப்பத்திநாலு பேர் பாவம் எனக்கு வேண்டாம்."

எங்கள் பக்கத்தில் மணி ஒரு தொல்லை. யூட்டாவுக்குள் நுழைந்ததும் எல்லார் போனும் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். பேஜ் இருப்பது அரிசோனாவில். கோடையில் அங்கேயும் எங்கள் ஊரிலும் ஒரே மணிதான். ஆனால் ஊர் எல்லையோரம் என்பதால் போன் சில சமயம் யூட்டா செல்போன் கோபுரத்தையே பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டும். வெளியூர்க்காரர்கள் இதில் குழம்புவார்கள். உள்ளூர்க்காரர்கள் குழம்பமாட்டோம் என்ற திமிரில் மாட்டிக்கொள்வோம்.

சாண்ட்விச் தின்று முடித்ததும் டெல்பர்ட் போனைப் பார்த்தான். பதினொன்று இருபது. பக்கத்து மேஜையில் எங்கள் பஸ்ஸில் வந்த இளம் ஜோடி ஒன்று அவசரமாக எழுந்தது.

"உக்காருங்கப்பா," என்றான் சத்தமாக. "அது யூட்டா மணி. நிஜத்துல பத்து இருபதுதான். இந்த ரோட்டுல உங்க வயசளவு வண்டி ஓட்டியிருக்கேன். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, "எதுக்கும் பஸ்லயே போய் உக்காந்துக்கிறோம் அங்கிள்," என்று கூட வந்த பையனை இழுத்துக்கொண்டு போனாள்.

"புழுங்கிச் சாவுங்க," என்றான் டெல்பர்ட். என்னைக் கூட்டிக்கொண்டு தெருமுனையில் இருந்த மீன்பிடிச் சாமான் கடைக்குள் போனான்.

கல்லாவுக்கு மேலே பெரிய கடிகாரம் இருந்தது. பதினொன்று முப்பத்தைந்து. அது கோபுரத்தைப் பிடிக்கும் கடிகாரம் இல்லை, பேட்டரி போட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டியது. டெல்பர்ட் ஒரு தூண்டில் சக்கரத்தைக் காதருகே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். என் வாய் வரைக்கும் வந்தது. போன வருடம் என் தங்கை வீட்டு விருந்தில், அவன் தப்பாகச் சொன்ன ஒரு தேதியை எல்லார் முன்னாலும் திருத்தினேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டால்கூட நாயிடம்தான் பதில் சொன்னான். கடைக்காரன் வேறு நின்றுகொண்டிருக்கிறான். யோலாண்டா அப்படி விட்டுவிட்டுப் போகமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் போய்விட்டாள். நாங்கள் திரும்பியபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது, பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

டெல்பர்ட் அவளைத் திட்டினான், போனைத் திட்டினான், அரிசோனா அரசாங்கத்தைத் திட்டினான். நான் டாக்சிக்கு ஓடினேன். அறுபத்தொரு வயதில், இந்த முட்டியோடு, ஓடினேன்.

பள்ளத்தாக்கு வாசலில் எங்கள் குழு உள்ளே போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. பட்டியலை வைத்துக்கொண்டு நின்ற வழிகாட்டியின் சட்டையில் பெர்னிட்டா என்று எழுதியிருந்தது. பின்னால் திறந்த லாரியில் அடுத்த குழு ஏறிவிட்டது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் ஃபுல். இந்த வண்டியில ஒரே ஒரு ஆள் வரலை," என்றாள் பெர்னிட்டா. "ஒருத்தர் ஏறலாம். அடுத்த வண்டிக்கு நிக்கிறதுன்னா அதுலயும் இடம் இல்ல, வெளிச்சமும் இருக்காது." என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்களா?"

"இவளால முடியாது," என்றான் டெல்பர்ட். "வெளிய வர்றதுக்கு இரும்புப் படி ஏறி இறங்கணுமாம், படிச்சேன். முட்டி ரெண்டும் போச்சு இவளுக்கு. நான் போறேன். நோரீன், கவலைப்படாதே, ஒண்ணு விடாம போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுறேன்."

அதை அவன் அன்பாகச் சொன்னான். அதுதான் கொடுமை. குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல என் தோளைத் தட்டிவிட்டு ஒரு காலை லாரியில் வைத்தான். பெர்னிட்டா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரியில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். "இறங்குடா" என்ற ஒரு சொல் போதும். நான், "தொப்பியை மறந்துடாதே," என்றேன்.

தகரக் கொட்டகையின் நிழலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் பாறை.

மூன்று மணிக்கு அதே பஸ்ஸில் ஊர் திரும்பும்போது யோலாண்டா என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். தப்பு அவளுடையது இல்லை என்று சொல்வதற்குள் டெல்பர்ட், "பரவாயில்லம்மா, மன்னிச்சுட்டேன்," என்றான். பிறகு பஸ் முழுவதற்கும் ஒளித்தூணை வர்ணித்தான். பார்க்காமல் விட்டவன் மனுஷனே இல்லை என்றான். கானப் ஊர் தாண்டியபோது அவனுக்குத் தொண்டை வறண்டது. என் மடியில் போனை வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். நல்ல படங்கள்தான்.

"அந்தக் கடையில கடிகாரம் இருந்துச்சு," என்றேன். "பார்த்தியா?"

படத்தைத் தள்ளிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினான்.

"பார்த்தேன்."

"பார்த்துட்டா சக்கரத்தைச் சுத்திட்டு நின்னே?"

"அந்தப் பசங்க முன்னாடி அவ்வளவு பெருசாச் சொல்லிட்டேன். உடனே திரும்பி ஓடினா சிரிப்பாங்கல்ல." போனை எடுத்துப் பையில் வைத்தான். "நீயும்தான் பார்த்தே. நீ நிமிர்ந்து பார்த்ததை நான் கவனிச்சேன். நீ சொல்லுவேன்னு காத்துட்டு நின்னேன், நோரீன். நீ சொல்லியிருந்தா, தொணதொணக்குறாளேன்னு உன்னைத் திட்டிக்கிட்டே ஓடியிருப்பேன். லாரிலயும் அப்படித்தான். நீ வாயைத் திறந்திருந்தா இறங்கியிருப்பேன்."

அவனைத் திட்ட எனக்கு நிறைய வார்த்தைகள் இருந்தன, முப்பத்தெட்டு வருடமாகச் சேர்த்துவைத்தவை. ஆனால் அவன் சொன்னதை நான் நம்பினேன். அவன் வாயைத்தான் இத்தனை வருடமும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் என் தோளில் சாய்ந்து தூங்கத் தொடங்கினான். அவன் தலையைச் சீட்டில் சாய்த்துவிட்டு, வேறு இடத்தில் போய் உட்காரலாமா என்று எழுந்து நின்று பின்னால் பார்த்தேன். எல்லா சீட்டிலும் ஆள் இருந்தது.