முன்கூட்டியே சொன்ன சாட்சி

விசுவாசம் இருந்தால் காரியம் நடக்கும் முன்பே சாட்சி சொல்ல வேண்டும் என்றார் பாஸ்டர். நானும் மைக்கைப் பிடித்து, "வருஷக் கடைசி ஆராதனைக்கு என் வீட்டுக்காரர் தன் கால்ல நடந்து வருவாரு" என்று சபை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

அந்த வருஷக் கடைசி ஞாயிறும் வந்துவிட்டது. பக்கவாதத்தில் படுத்தவருக்குக் கால் வரவில்லை. நாக்குதான் வந்தது. பேச்சு திரும்பியதும் அவர் முதலில் சொன்னது, "உப்பு இல்ல."

அன்று தொடங்கியது. தலையணை சரியில்லை, ஃபேன் சத்தம் போடுகிறது, ஜன்னலைச் சாத்து, திற. சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நின்றுவிட்டு வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தால், என் இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கும். கால்தானே கேட்டேன், வாயைக் கேட்டேனா என்று கர்த்தரோடு தினமும் சண்டை. கர்த்தர் வாய் திறக்கவில்லை. இவர் வாய் மூடவில்லை.

"ஆராதனைக்கு நேரமாச்சே, கெளம்பலையா?" என்றார்.

"போகல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

"உங்க ஆண்டவர் கோவிச்சுக்கப் போறாரு." கல்யாணமான நாளிலிருந்து சபை வாசலை மிதிக்காதவரின் கேலி.

"கோவிச்சுக்கட்டும். இனிமே அவர்கிட்ட கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

சொன்ன பிறகு பயமாக இருந்தது. கோபத்தில் சொன்னதல்ல, உண்மை. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தேன். தினமும் அங்கே உட்கார்ந்துதான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்று என் கை மடியிலேயே கிடந்தது.

பிறகு அவருடைய நல்ல கை என் தலைமேல் வந்து விழுந்தது.

"ஆண்டவரே," என்று நாக்குக் குழறச் சொன்னார். "இவ ரொம்பக் களைச்சுப் போயிட்டா. என் கால் கெடக்கட்டும். இவ இடுப்பு வலிய எடுத்துடுங்க." நிறுத்தினார். "அப்புறம் என்னடி சொல்லணும்?"

அழுதேன். கோபம் தீரவில்லை. நான் கேட்டது இதை இல்லை.

"ஆமென் சொல்லணும்."

"அத நீ சொல்லு. எனக்குப் பழக்கமில்ல."

எனக்கு வாய் எழவில்லை. அவர் கையை எடுக்காமல் காத்திருந்தார். சொன்னேன்.