ஓட்டுநர் உட்பட

பஞ்சு என்பது பந்தயக்களத்தார் அவளுக்கு இட்ட பெயர். வீட்டில் வைத்த பெயரை அண்ணனே மறந்துவிட்டான் என்று அண்ணி கேலி செய்வாள். மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வில்லைகளைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் தொழில். பந்தய நாளன்று வண்டியில் ஏறுமுன் கைக்கடிகாரம், மோதிரம், சாவிக்கொத்து அனைத்தையும் அண்ணியிடம் கொடுத்துவிடுவாள்.

"தலையையும் மொட்டை அடிச்சுக்கோ. இன்னும் கொஞ்சம் குறையும்" என்பாள் அண்ணி, சிரிக்காமல்.

அவள் ஓட்டிய பந்தயக் கார் அண்ணனுடையது. அவன் பிரேக் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தான். நேர்ப்பாதையில் இரண்டிரண்டு வண்டிகளாக ஓடும் டிராக் பந்தயத்தில் அவ்வண்டி 'ஸ்டாக்' பிரிவைச் சேர்ந்தது. எந்திரம் ஆலையிலிருந்து வந்தபடியே இருத்தல் வேண்டும். வண்டியின் எடை குறித்த அளவுக்குக் கீழே போதல் கூடாது. இவையே அப்பிரிவின் தலையாய விதிகள். எடை போடும்போது ஓட்டுநர் இறங்கிவிடுவார். ஆகையால் உள்ளே அமர்பவர் எவ்வளவுக்கெவ்வளவு இலேசோ, அவ்வளவுக்கவ்வளவு வண்டிக்கு இலாபம். அண்ணன் வாட்டசாட்டமானவன். தங்கையை ஓட்டச் சொன்னதற்கு அதுவே காரணம் என்பதை அவன் ஒருபோதும் மறைத்ததில்லை.

இவ்வாண்டு பந்தயச் சங்கம் சில விதித் திருத்தங்களை வாக்கெடுப்புக்கு முன்வைத்தது. எடை இனி "ஓட்டுநர் உட்பட" கணக்கிடப்படும் என்றும், குறையும் எடையை இரும்புத் தகடுகளை வண்டியில் திருகி ஈடு செய்யலாம் என்றும் அவற்றுள் ஒன்று கூறியது. அதை எழுதிக் கொடுத்தவர், பீப்பாய் என்று பெயர்பெற்ற எதிரணி ஓட்டுநர். களத்துத் தேநீர்க்கடையில் அவரே அவளிடம் வந்து பேசினார்.

"கோவிச்சுக்காத தங்கச்சி. நான் உன்கிட்ட தோக்கல. என் வயித்துகிட்ட தோக்கறேன்."

"அதை இறக்கி வச்சுட்டு வாங்கண்ணே."

"இறக்கலாம். திரும்பத் தூக்கி மாட்ட நாலு ஆள் வேணுமே!"

அவளும் சிரித்தாள். ஆயினும் அவர் கூறியது மனத்தில் தங்கிவிட்டது. வென்ற பந்தயங்களை வென்றது தானா, தன் எடையா என்பது அவளுக்கே தெரியாது.

அண்ணனுக்கு இவ்வித ஐயம் எதுவும் இல்லை. "வண்டிக்கு ஒரு ஓட்டு. ஓட்டறவங்கதான் போடணும். நீ வேண்டாம்னு சொல்லிடு. இது வந்துச்சுன்னா உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நானே உக்காந்துட்டுப் போறேன்" என்றான்.

"சீட்டு தாங்குமான்னு முதல்ல கேளுங்க" என்றாள் அண்ணி.

திருத்தத்தால் வண்டி எவ்வளவு மந்தமாகும் என்று கண்டறிய, அடுத்த பயிற்சி நாளில் அவன் ஒரு சோதனை செய்தான். தன் எடையினின்றும் தங்கையின் எடையைக் கழித்து, அவ்வேறுபாட்டுக்கு ஈடான தகடுகளை, இடம் தாராளமாக இருந்த டிக்கியில் திருகினான். பச்சை விளக்கு எரிந்தது. புறப்படுகையில் எப்போதும் சற்றே வழுக்கிச் சுழலும் பின்சக்கரங்கள் அன்று வழுக்கவில்லை. சுமை அவற்றின்மேல் அழுத்தியமையால் டயர்கள் தரையைக் கவ்விக்கொண்டன. தகடு ஏற்றியும் ஏறக்குறையப் பழைய நேரமே வந்தது.

அண்ணன் டிக்கியைத் திறந்து தகடுகளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பின்பு தொடையில் தட்டிச் சிரித்தான்.

"அவங்க கனமெல்லாம் சீட்டுல மாட்டிக்கிட்டிருக்கு. நம்ம கனத்தை நாம நினைச்ச இடத்துல வைக்கலாம். பீப்பாய் தன் வயித்தைக் கழட்டி டிக்கியில வைக்க முடியுமா?"

"அப்ப நான்?"

"நீ எப்பவும்போல பஞ்சுதான். ஆமாம்னே கை தூக்கு. டிக்கி விஷயம் மட்டும் வெளிய மூச்சு விடாத."

தகடுகளைத் தன் இருக்கைக்கு அடியில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று அவள் கேட்டாள். வேலை கெட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் மாற்றிக் கொடுத்தான். இம்முறை சக்கரங்கள் வழுக்கின. நேரமும் கூடியது.

"பாத்தியா, சும்மா வேலை வச்சுட்ட" என்று அவன் மகிழ்ச்சியோடு தகடுகளைக் கழற்றத் தொடங்கினான்.

அவ்வோட்டத்தில் தன்னைத் தூக்கிவிட யாதொன்றும் இல்லை, தன் கண்ணும் காலும் மட்டுமே இருந்தன என்பதை அவள் கவனித்திருந்தாள். இன்னொரு முறை ஓட்டலாமா என்று கேட்கத் திரும்பினாள். அதற்குள் அவன் திருப்புளிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டான்.

சங்கக் கூட்டத்தில் செயலாளர் திருத்தத்தைப் படித்து முடித்து, "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்பதுபோல் அண்ணன் முழங்காலால் அவளை இடித்தான். அவள் எழுந்து நின்றாள்.

"தகட்டை எங்க வைக்கணும்னு அதுல இல்லையே சார். டிக்கியில வச்சா பின்டயர் நல்லாப் பிடிக்குது. எங்க வண்டியில வச்சுப் பாத்துட்டோம்."

கூடத்தில் சிரிப்பொலி எழுந்தது. "அடக் கடவுளே! அப்ப நான் ராப்பகலா உக்காந்து எழுதினது உங்களுக்காகவா?" என்று பீப்பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவள் அமர்ந்ததும் அண்ணன் காதருகே குனிந்தான். "சொந்தத் தங்கச்சி! தகடு வைக்கற இடத்தையும் சேத்து எழுதிட்டா சீட்டு என்னுது. தெரியுமில்ல?"

"தெரியும். ரெண்டு பேரும் ஓட்டிப் பாப்போம்ணா. நீ முந்தினா நான் இறங்கிக்கறேன்."

செயலாளர் பேனாவோடு அவளை நோக்கினார்.

"என்னம்மா எழுதட்டும்?"

"தகடு ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலதான் இருக்கணும்னு சேருங்க சார். சேத்தா நான் ஆமாம்னு கை தூக்கறேன்" என்றாள்.